மணிக்கு அறுபது கிராம்

"பெயர்: செல்லதுரை. வயது: 49. தொழில்: உட்கார்ந்து செய்யும் வேலை. உடலுழைப்பு: இல்லை. அறிவுரை: தினமும் அரை மணி நேரம் நடக்கவும், அரிசியைக் குறைத்துக்கொள்ளவும்."

தஞ்சாவூரில் நடந்த ஓர் இலவச மருத்துவ முகாமில் இப்படி எழுதிக் கொடுத்தார்கள். அந்த முகாமுக்குச் செல்லதுரை முப்பத்தெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். அதைச் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை என்பது அவர் கட்சி. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அட்டையை வாங்கி, கையெழுத்து டாக்டருடையதுதானா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, அதே முப்பத்தெட்டு கிலோமீட்டரைத் திரும்ப மிதித்தார். வழியில் இரண்டு உருண்டைகள் தின்றார். இரண்டும் அவல். அதாவது அரிசி.

நெல் கொள்முதல் நிலையத்தில் அவர் பருவகாலப் பட்டியல் எழுத்தர். பத்தொன்பது ஆண்டுகளாகப் பருவகாலம். குறுவைக்கு ஓர் ஊர், சம்பாவுக்கு வேறோர் ஊர் என்று போடுவார்கள். விவசாயி கொண்டுவந்து கொட்டும் நெல்லின் ஈரப்பதத்தைக் கருவியில் பார்த்து, கூடுதலாக இருந்தால் "காயவெச்சுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்புவது வேலை. மேலே காய்ந்த நெல்லும் அடியில் ஈர நெல்லுமாக மூட்டை கட்டுவார்கள் என்று அவர் விவசாயிகளைச் சந்தேகிப்பார். கருவியில் ஏதோ திருகி வைத்திருக்கிறார் என்று விவசாயிகள் அவரைச் சந்தேகிப்பார்கள். இரு தரப்பும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து ஒரே டீயைக் குடித்துக்கொண்டு இதைச் செய்வார்கள். பத்தொன்பது ஆண்டுகள் இப்படி இருந்தால் ஒரு மனிதனுக்குள் இயல்பாகவே ஒரு கருவி முளைத்துவிடும். செல்லதுரைக்கு அது கண்ணில் முளைத்திருந்தது. எதைப் பார்த்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

பஸ் போகாத ஊர்களில் நிலையம் அமைந்ததால் சைக்கிள் வந்தது. முதலில் பத்து கிலோமீட்டர், பிறகு முப்பது. பிறகு வேலையே இல்லாத ஊர்களுக்கும் போக ஆரம்பித்தார். ஒருநாள் பட்டுக்கோட்டை வரை போய்த் திரும்பும்போது ஒரத்தநாட்டுக்கு முன்னால் கண் இருட்டி, புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் கிடந்தார். காலையில் நான்கு இட்லி தின்றிருந்தார்; அதற்குப் பிறகு தண்ணீர்தான். அந்த இட்லியைச் சந்தேகித்தார். மாவைச் சந்தேகித்தார். கடைசியில், பாவம், படிக்க ஆரம்பித்தார்.

படித்ததில் தெரிந்தது இது: உடம்பு தசையிலும் ஈரலிலும் கொஞ்சம் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது. தொடர்ந்து மிதித்தால் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கால் ஓட வேண்டுமானால் ஓடிக்கொண்டே தின்ன வேண்டும். பசிக்கும்வரை காத்திருந்தால் அது காலம் கடந்த செயல். மணிக்கு இத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்கு உண்டு. ஒருவர் சொன்னதை நம்பாமல் மூன்று இடத்தில் பார்த்தார். மூன்றும் ஒன்றுபோலச் சொன்னதால் மூவரும் கூட்டு என்று நினைத்தார். பிறகு தன் உடம்பிலேயே சோதித்து, மணிக்கு அறுபது கிராம் என்று முடிவுக்கு வந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் சின்னத் தராசு ஒன்று குடியேறியது. ஒரு போத்தலில் குளுக்கோஸ் பொடியும் சீனியும் இரண்டுக்கு ஒன்றாகக் கரைத்து உப்புப் போட்டது; அதோடு அவல், வெல்லம், பேரீச்சை சேர்த்துப் பிடித்த உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையையும் நிறுத்து, தொழில் புத்தி விடாமல், பேரீச்சம்பழத்துக்கு ஈரப்பதம் கழித்து எடை போட்டார். அவர் மனைவி அம்சவல்லி அங்கன்வாடிப் பணியாளர்.

"நானும்தான் தினம் இருபது புள்ளைங்களுக்கு சத்துமாவு நிறுக்குறேன்," என்றார் அம்சவல்லி. "ஒரு புள்ளையும் இப்படி முறைச்சுப் பாக்கல."

"அதுங்களுக்கு வெவரம் பத்தல."

"உங்களுக்கு மிஞ்சிப் போச்சு."

திருவையாற்றில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை தை மாதக் கடைசி ஞாயிறு, திருவையாற்றிலிருந்து கிளம்பி, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் போய்த் திரும்புகிற இருநூற்று மூன்று கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மாலை ஏழரைக்குள் வந்து சேர வேண்டும். போட்டி இல்லை, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே பட்டியல்தான். வழியில் சில இடங்களில் குழு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவரவர் அட்டையில் வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சொந்த பலத்தில் ஓட்ட வேண்டும், வண்டியில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

சென்ற ஆண்டு செல்லதுரை அதைப் பதின்மூன்று மணி பத்து நிமிடத்தில் முடித்தார். ஆனால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நேரம் இல்லை. "பரிசீலனையில்" என்று இருந்தது. ஆக்கூர்ப் பக்கம் ஒரு சரக்கு ஆட்டோவின் பின்னால் அவரும் சைக்கிளும் நிற்பதை யாரோ படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். உண்மையில் அந்த ஆட்டோவில் நெல் மூட்டைகள் மூடாமல் போய்க்கொண்டிருந்தன. பனி பெய்கிற காலத்தில் ஏன் மூடவில்லை என்று கேட்பதற்காகத்தான் நிறுத்தினார். இதை அவர் குழுவில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன் நடுவில் இறங்கி அடுத்தவன் மூட்டைக்குத் தார்ப்பாய் கேட்பானா?

ஓராண்டாக அது பரிசீலனையிலேயே இருந்தது. எத்தனையோ பேரைக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்ன மனிதர், தன்னை ஒருவர் காயவைத்ததைப் பொறுக்க முடியாமல் தவித்தார். பழையதைப் பற்றி இனிப் பேசுவதில்லை, இந்த ஆண்டு ஓட்டி, ஏழரைக்குள் வந்து, பெயருக்கு நேரே ஒரு நேரத்தை எழுத வைப்பது என்று தீர்மானித்தார். வேறெதுவும் அவருக்கு வேண்டாம். அதற்கு அவரிடம் கால் இருந்தது. தீனியையும் யோசித்துவைத்திருந்தார்.

யோசித்ததில்தான் கோளாறு. பதின்மூன்று மணி நேரத் தீனியையும் முதுகில் சுமக்க முடியாது. குழுவின் செயலர் சலாஹுதீன் திருவையாற்றில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒவ்வொருவர் பையையும் மயிலாடுதுறையில் வாங்கி வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். செல்லதுரை ஒப்பவில்லை. சலாஹுதீன் கடையில் ஓட்டக்காரர்கள் பிழிந்து விழுங்குகிற வெளிநாட்டுச் சத்துக் கூழ்ப் பொட்டலங்கள் விற்கிறார். தன் உருண்டையைப் பிய்த்துப் பார்த்துச் செய்முறையைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது அவர் எண்ணம். அதனால் வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் போய், மயிலாடுதுறை தாண்டிச் சாலையோரம் இருக்கும் ஒரு கொள்முதல் நிலையத்தில், அட்டியாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு எவர்சில்வர் டப்பாவைச் செருகிவிட்டு வந்தார். பதினெட்டு உருண்டைகளும் நான்கு பொட்டலம் பொடியும். அந்த நிலையத்துக் காவலர் கோவிந்தராசு அவருடைய பழைய சிநேகிதர். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

இது முட்டாள்தனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். டெல்டாவில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. கொள்முதல் செய்த மூட்டைகளை ஏற்ற லாரி வரவில்லை, மூட்டைகள் வெயிலிலும் பனியிலும் கிடக்கின்றன என்று ஒவ்வொரு பருவமும் புகார் எழுவது வழக்கம். மூன்று வாரம், நான்கு வாரம் கிடந்த அட்டிகளைச் செல்லதுரை தன் கண்ணால் பார்த்திருக்கிறார். உலகத்தில் அவர் சந்தேகிக்காத ஒரே விஷயம் லாரியின் தாமதம்.

ஞாயிறு காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இருபது நிமிடத்துக்கொரு மிடறு, அரை மணிக்கொரு உருண்டை. போகிற வழியில் கொள்முதல் நிலையத்தைத் தாண்டும்போது, பின்னால் வருகிறவர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. பூம்புகாருக்குப் பன்னிரண்டரைக்குச் சேர்ந்தபோது கையிருப்பு சரியாகத் தீர்ந்திருந்தது. கடற்காற்றில் அட்டையைப் பறக்காமல் பிடித்துக்கொண்டு சலாஹுதீன் நேரத்தை எழுதினார். பிறகு பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, ரெண்டு வெச்சுக்கங்க. வெயில் ஏறுது."

செல்லதுரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு இருக்கு இதுல?"

"இருபத்தஞ்சு கிராம்னு போட்டிருக்கே."

"போட்டிருக்கு. யாரு நிறுத்தா?"

"கம்பெனிக்காரன்தாண்ணே நிறுத்தான். நானா நிறுத்தேன்?"

"ஏன் எனக்கு மட்டும் குடுக்குற?"

"எல்லாருக்கும்தான் குடுத்தேன். எல்லாரும் பேசாம வாங்கித் தின்னுட்டுப் போயிட்டாங்க."

செல்லதுரை பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

இரண்டு மணிக்குக் கொள்முதல் நிலையத்தை அடைந்தார். அட்டி இருந்த இடத்தில் செவ்வகமாகக் காய்ந்த வைக்கோலும், நான்கு கோழிகளும் இருந்தன. கோழிகள் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. கோவிந்தராசு கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்து வந்தார்.

"என்னண்ணே இந்தக் கோலம்? தலையில என்ன, கூடை?"

"மூட்டை எங்கடா?"

"லாரி வந்துடுச்சுண்ணே."

"எந்த லாரி?"

"நம்ம லாரிதான். நேத்து சாயங்காலம். சொன்ன நாள்ல, சொன்ன நேரத்துல வந்து நின்னான். ஒரு மூட்டை பாக்கியில்லாம ஏத்திட்டுப் போயிட்டான்."

செல்லதுரை அவரையே உற்றுப் பார்த்தார். "யாருகிட்ட கதை விடுற? பத்தொன்பது வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன்."

"நானும்தாண்ணே இருக்கேன். எனக்கே கை காலு ஓடல."

"மூட்டைக்கு நடுவுல என் டப்பா இருந்துச்சு."

"என்ன டப்பா?"

சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் கோவிந்தராசுக்கு வருத்தமாகிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே?"

"சொல்லியிருந்தா தின்னிருப்ப."

"தின்னிருப்பேன்தான்," என்று கோவிந்தராசு ஒப்புக்கொண்டார். "ஆனா பாதிதான் தின்னிருப்பேன்."

செல்லதுரை நம்பவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார். காவலர் கொட்டகையில், சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குள்ளே பார்த்தார். கோவிந்தராசின் வாயை ஊதச் சொல்லி முகர்ந்தும் பார்த்தார். பேரீச்சை வாடை இல்லை, பீடி வாடைதான். டப்பா அந்நேரம் எங்கோ ஒரு கிடங்கில், ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு நடுவில், அரசாங்கச் சொத்தாகிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போய்விட்டது. "சோறு இருக்கு, தின்னுட்டுப் போங்கண்ணே" என்று கோவிந்தராசு தூக்குச்சட்டியைத் திறந்ததையும், டப்பாவைத் தின்றவன் அதை மறைக்கச் செய்கிற உபசாரமாகவே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாலையில் டீக்கடைகள் இருந்தன. வாழைப்பழத் தார்கள் தொங்கின. கல் வைத்துப் பழுக்க வைத்தவை என்று அவர் பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தாண்டினார். போண்டா, நேற்றைய எண்ணெய். பன்ரொட்டி, எப்போது சுட்டதோ. இதில் ஒரு விசேஷம் உண்டு: மூளையும் சர்க்கரையில்தான் ஓடுகிறது. அது குறையக் குறைய மனிதருக்கு எரிச்சலும் ஐயமும் கூடும். சாதாரண மனிதர் அந்த நேரத்தில் சற்றுச் சந்தேகப்படுவார். செல்லதுரையோ ஏற்கெனவே உச்சியில் நின்றவர். அவருக்குப் போக மேலே இடமில்லை. பின்னால் வந்த மொபெட் தன்னைத் தொடர்வதாக நினைத்தார். மைல்கல்லில் எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தார். குத்தாலம் தாண்டி ஒரு முஸ்லிம் தெருவின் முனையில் வியர்வை சில்லிட்டது, கால் தானாக நின்றது. வாய்க்கால் மதகில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்தார். மணி மூன்று பத்து. இன்னும் அறுபத்தொன்பது கிலோமீட்டர்.

தெருவுக்குள் பந்தல். கல்யாண வீடு. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பந்தல் வாசலில் நின்ற ஜெக்கரியா, பெண்ணின் பெரியப்பா, தெருமுனைவரை பார்வையை ஓட்டிவிட்டு வேகமாக மதகுப் பக்கம் வந்தார்.

"தம்பி, வாங்க. ஒரு ஆளு குறையுது."

"எதுக்கு?"

"சாப்பாட்டுக்குத்தான். கடைசிச் சஹன். மூணு பேரு ஒக்காந்துட்டாங்க, நாலாவது ஆளு இல்ல."

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே சேர்ந்து சாப்பிடுவது அந்தப் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களின் வழக்கம். செல்லதுரைக்கு அது தெரியும். தன்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை.

"நான் யாருன்னு தெரியுமா பாய் உங்களுக்கு?"

"தெரியாது. தெரிஞ்சவங்க எல்லாரும் சாப்பிட்டுட்டாங்க. அதனாலதான் உங்களக் கூப்புடுறேன்."

இதில் அடியில் ஒளிந்திருக்கக்கூடியது எதுவும் அவருக்குத் தென்படவில்லை. அதுவே சந்தேகத்துக்குரியதுதான். ஆனால் எழுந்திருக்கும்போது ஜெக்கரியா கையைப் பிடித்திருந்தார், பிடித்த கை அவருக்குத் தேவையாகவும் இருந்தது.

விரிப்பில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அஹமது கபீர் என்று ஒரு பெரியவர், வயது எண்பதை நெருங்கும், பற்கள் சொற்பம். ஒரு வேன் டிரைவர். மாப்பிள்ளை வீட்டுப் பையன்களில் மீசை வைத்த ஒருவர். நடுவில் நெய்ச்சோறு குவிந்திருந்தது, மேலே கறி, பக்கத்தில் தால்ச்சா, கிண்ணத்தில் பிர்னி. செல்லதுரை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தட்டைப் பார்த்தார். தன் பங்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எந்தக் கோடும் இல்லை. எடை இல்லை. அறுபது கிராமை இதில் எங்கே போய்த் தேடுவது?

பிஸ்மில்லா சொல்லிக் கை வைத்ததும் மூன்று கைகளும் நல்ல கறியாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளின. விருந்தாளிக்கு அப்படித் தள்ளுவது மரியாதை.

"கறி வேணாங்க," என்றார் செல்லதுரை. "சோறு மட்டும் போதும். அந்தப் பிர்னி இருந்தா குடுங்க."

டிரைவர் சிரித்தார். "கல்யாண வீட்டுல கறிய ஒதுக்கிட்டுப் பாயசத்தத் தேடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"கறி செரிக்க நேரமாகும். எனக்கு மாவுச்சத்து வேணும். மணிக்கு அறுபது கிராம்."

பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படின்னா இந்தச் சஹன் எத்தன மணி நேரத்துக்கு வரும்?"

செல்லதுரை குவியலைக் கண்ணால் அளந்தார். "நீங்க மூணு பேரும் எந்திரிச்சுட்டா நான் வேளாங்கண்ணி போய்ட்டு வரலாம்."

"எங்கள எந்திரிக்கச் சொல்றாரு," என்றார் மீசைக்காரர்.

அரை மணியில் செல்லதுரைக்கு உலகம் நேரானது. மூன்று நாற்பதுக்கு அவர் முடித்துவிட்டார். இப்போது கிளம்பினால் ஏழரைக்கு நேரம் இருந்தது. எழுந்திருக்கக் காலை மடக்கியபோது டிரைவரின் இடது கை அவர் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

"பெரியவரு முடிக்கட்டும்ணே. சஹன்ல ஒருத்தர் எந்திரிச்சா மத்தவங்களும் கைய எடுத்துடணும்."

அஹமது கபீருக்கு வாய் சும்மா இல்லை. ஒரு கவளத்தை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குக் கொண்டுபோகிற நேரத்தில் ஓர் உருண்டையையே தின்று முடிக்கலாம். அவர் காலையிலிருந்து பந்தலில் நின்று எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தவர் என்று மீசைக்காரர் சொன்னார். செல்லதுரை கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். எழுந்து போயிருக்கலாம், யாரும் பிடித்துக் கட்டவில்லை, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒரு நேரம் எழுதப்பட்டிருக்கும். ஏன் உட்கார்ந்தார் என்பதற்கு அவரிடம் இன்றுவரை விளக்கம் இல்லை. கால் இன்னும் தயாராகவில்லை என்று ஒருமுறை சொன்னார். அம்சவல்லி அதை நம்பவில்லை. பதினெட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார், பெரியவர் விரலை நக்கி முடிக்கும்வரை.

மூன்று ஐம்பத்தெட்டுக்குச் சைக்கிளில் ஏறினார். பிறகு நடந்ததை அவரே நம்பத் தயங்குகிறார். காலையில் நிறுத்துத் தின்று ஓட்டியதைவிட, மாலையில் நிறுக்காமல் தின்றது வேகமாக ஓடியது. ஆடுதுறை, கும்பகோணம், சுவாமிமலை என்று ஊர்கள் பின்னால் போயின. கபிஸ்தலம் தாண்டும்போது இருட்டிவிட்டது. கதிர் அறுக்கும் இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. கண்ணுக்கு எதிரே அதன் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்தார். அதன் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததாக யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்று பத்தடி இடைவெளி விட்டு ஊர்ந்தார்.

திருவையாற்றில் முடிவிடத்தில் சலாஹுதீன் மட்டும் இருந்தார். மற்றவர்கள் வந்து, சாப்பிட்டு, போயிருந்தார்கள். சலாஹுதீன் பூம்புகாரிலிருந்து காரில் திரும்பும்போது, குத்தாலத்துக்கு அப்பால் மதகில் சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்திருந்தார். பந்தல் வாசலில் விசாரித்ததில், பெரியவர் முடிப்பதற்காக அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும் விவரமும் தெரிந்திருந்தது. சுவரில் கடிகாரம் ஏழு முப்பத்துநான்கு காட்டியது.

"உக்காருங்கண்ணே," என்றார் சலாஹுதீன். அட்டையை வாங்கினார். பேனாவைத் திறந்தார். "இந்தக் கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடும். ஏழு இருபத்தெட்டுன்னு போட்டுடலாம்."

செல்லதுரை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார். "முந்தி ஓடல. சரியாத்தான் ஓடுது."

"அண்ணே, நாலு நிமிஷம். நான் ஒருத்தன்தான் இருக்கேன். யாரு கேக்கப் போறா?"

"போன வருஷம் ஓட்டுனத நம்பல. இந்த வருஷம் ஓட்டாதத நம்பச் சொல்றியா? நாளைக்கு இதயும் எவனாவது படம் புடிச்சு அனுப்புவான்."

"யாருண்ணே அனுப்பப் போறா? நான் நல்லதுக்குச் சொல்றேன்."

"அதான் பயமா இருக்கு. குடு பேனாவ."

சலாஹுதீன் பேனாவைக் கொடுத்தார். அன்று தை கடைசி ஞாயிற்றுக்கிழமை செல்லதுரை இருநூற்று மூன்று கிலோமீட்டரைப் பதின்மூன்று மணி முப்பத்துநான்கு நிமிடத்தில் ஓட்டினார்; அட்டையில் தன் கையாலேயே அந்த நேரத்தை எழுதினார்.